எந்தக் கப்பல்? எந்த வருஷம்?

நீர்மூழ்கிக் கப்பல் மாடல்கள் பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எந்த கிட் நல்லது?’ என்றுதான் கேட்கின்றன. கிட் என்றால் பாகங்களாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல் பெட்டி. அம்பத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் பேட்டர்ன் மேக்கராக, அதாவது வார்ப்புக்கான மர மாதிரி செய்பவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வரைபடம் கைக்கு வராமல் மரத்தில் உளி வைக்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில் உங்களிடமும் முதலில் கேட்பது இதுதான்: எந்தக் கப்பல், எந்த வருஷம்? கிட் பற்றி அப்புறம் பேசலாம்.

1971 போரில் விசாகப்பட்டினம் அருகே மூழ்கிய பாகிஸ்தானின் காஸியைச் செய்ய ஆசை. அந்தப் பெயரில் கிட் எங்கும் கிடைக்கவில்லை. எதை வாங்கி மாற்றுவது?
— பெரம்பூர் வாசகர்

நல்ல கப்பலைத்தான் பிடித்திருக்கிறீர்கள். காஸி பிறப்பால் அமெரிக்கக் கப்பல். பழைய பெயர் டயப்லோ, டென்ச் வகுப்பு. அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 1945 மார்ச்சில் சேவைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. 1964இல் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குப் போனது. இடையில் ஒருமுறை துருக்கிக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்தார்கள். 1971 டிசம்பர் 3க்கும் 4க்கும் இடைப்பட்ட இரவில், நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்த இடத்தில், விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. நம் போர்க்கப்பல் ராஜ்புத் போட்ட ஆழ்நீர் வெடிகளால் என்று நாம் சொல்கிறோம், தன் கண்ணிவெடியாலோ உள்ளே நடந்த வெடிப்பாலோ என்று அவர்கள் சொல்கிறார்கள். மாடல் செய்கிறவருக்கு அந்த வழக்கு வேண்டாம். 1971இல் அது எப்படி இருந்தது என்பது மட்டும் போதும்.

அமெரிக்காவின் கேட்டோ, பலாவோ, டென்ச் மூன்று வகுப்பும் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பிகள். நீளம் மூன்றுக்குமே ஏறக்குறைய 95 மீட்டர். எனவே டிரம்பெட்டர் கம்பெனி 1/144 அளவில், அதாவது நிஜத்தில் 144இல் ஒரு பங்காக, போட்ட கேட்டோ கிட்டை வைத்துத் தொடங்கலாம். முடித்தால் 66 சென்டிமீட்டர் வரும், ஷோகேஸை முதலில் அளந்துகொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் ஏ.எஃப்.வி. கிளப் என்ற கம்பெனியின் 1/350 பலாவோ. அது 27 சென்டிமீட்டர்தான்.

இனி மாற்ற வேண்டியவை. இரண்டாம் உலகப் போர்க்காலக் கிட்டில் மேல்தளத்தில் பீரங்கி இருக்கும், கோபுரத்தைச் சுற்றித் திறந்த மேடையும் சிறு துப்பாக்கிகளும் இருக்கும். அந்தப் போருக்குப் பிறகு அதெல்லாம் போய்விட்டது. நீருக்கடியில் இருந்தபடியே டீசல் இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் ஸ்நார்க்கெல் குழாய் வந்தது. பெரிஸ்கோப்பு, ஸ்நார்க்கெல், ரேடார் கம்பங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மூடும் வழவழப்பான உயரக் கோபுரமும் வந்தது. இந்த வகை மாற்றத்துக்கு ஃப்ளீட் ஸ்நார்க்கெல் என்று பெயர். இதைவிடப் பெரிய மாற்றம் கப்பி என்பது. அதில் பேட்டரியைக் கூட்டினார்கள், முன் மூக்கையும் உருட்டிவிட்டார்கள். காஸி கப்பி அல்ல. அதன் முன்முனை பழையபடி கூர்மையாகவே இருந்தது. காஸி என்று பெயர் எழுதி உருண்டை மூக்கு வைத்த மாடல்களைப் பார்க்கும்போது எனக்குக் கை துறுதுறுக்கும்.

கோபுரத்தைச் சொந்தமாகவே செய்யுங்கள். பக்கவாட்டுப் படத்தை உங்கள் அளவுக்குச் சுருக்கி, அந்த வடிவத்தில் 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி நடுவில் நிறுத்துங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியும் கண்ணீர்த்துளி வடிவத்தில் இரண்டு மூன்று குறுக்குத் தகடுகளை அதில் கோத்துவிடுங்கள். மேலே போர்த்த கால் மில்லிமீட்டர் தகடு. அதை வட்டமான பாட்டிலில் சுற்றி நாடா போட்டுக் கட்டி, வெந்நீரில் நனைத்து ஆறவிட்டால் வளைவு நிற்கும். 1/350இல் வேலை செய்பவர்களுக்குக் குறுக்கு வழி உண்டு. அதே ஏ.எஃப்.வி. கிளப் கப்பி கிட்டும் போட்டிருக்கிறது, அதிலிருந்து கோபுரத்தை எடுத்துக் காஸியின் படத்தோடு ஒத்துப் பார்த்துச் செதுக்கிக்கொள்ளலாம். ஒரு கோபுரத்துக்காக ஒரு முழு கிட்டா என்று வீட்டில் கேட்பார்கள். பதில் உங்கள் பொறுப்பு.

கடைசியாகப் பக்கவாட்டுத் துளைகள். மேல்தளத்துக்குக் கீழே வரிசையாகத் தெரியுமே, தண்ணீர் புகுந்து வெளியேறும் அந்தத் துளைகள், கப்பலைக் கட்டிய தளத்துக்குத் தளம் மாறும். தனியார் கம்பெனியான எலெக்ட்ரிக் போட்டின் வரிசை வேறு, போர்ட்ஸ்மவுத் வரிசை வேறு. காஸி போர்ட்ஸ்மவுத் கப்பல், அந்த வரிசையையே பின்பற்றுங்கள். துளையிடும் முன் உட்புறத்திலிருந்து பிளாஸ்டிக்கைச் சுரண்டி மெலிதாக்கிவிட்டால், உண்மையில் மெல்லிய இரும்புத் தகட்டில் போட்ட துளை போலத் தெரியும். இல்லாவிட்டால் சுவரில் போட்ட துளைதான்.

கிட்டை வெட்டி ஒட்டி வேறு கப்பல் என்று பெயர் வைப்பது கலையா? இல்லாத கப்பலுக்குக் கட்டையிலிருந்து செதுக்குவதுதானே நேர்மை?
— மயிலாப்பூர் வாசகர்

ஐயா, கடற்படைகளே செய்தது அதைத்தானே! போர் முடிந்ததும் ஜெர்மனியின் 21ஆம் வகை நீர்மூழ்கிகளைப் பிடித்துக்கொண்டு போய் எல்லோரும் ஆராய்ந்தார்கள். நீருக்கடியில் 17 நாட் (மணிக்கு 17 கடல் மைல்) வேகம் போகக்கூடியவை அவை. அமெரிக்கா யு-2513, யு-3008 இரண்டையும் எடுத்துக்கொண்டது. புதிதாகக் கட்டப் பணமும் காலமும் பிடிக்கும் என்பதால், கையிலிருந்த பழைய கப்பல்களை அந்தப் பாடத்தின்படி மாற்றியதுதான் கப்பி. பிரிட்டிஷார் இன்னும் துணிச்சல்காரர்கள். டி வகுப்புக் கப்பல்களில் எட்டைக் குறுக்கே இரண்டாக அறுத்து, நடுவில் புதுத் துண்டு வைத்து, கூடுதல் மோட்டாரும் பேட்டரியும் ஏற்றினார்கள். அவற்றில் ஒன்றான டோட்டம் பிறகு இஸ்ரேலுக்கு விற்கப்பட்டு டாக்கர் ஆனது. 1968 ஜனவரியில் மத்தியதரைக் கடலில் காணாமல் போய், 1999இல்தான் அது கிடந்த இடம் தெரிந்தது.

ஆகவே ரம்பத்தால் டி வகுப்புக் கிட்டை நடுவில் அறுக்கிறவர், அந்தக் கப்பல்துறைத் தொழிலாளி செய்ததையே சிறு அளவில் செய்கிறார். கட்டையில் செதுக்குவதும் நல்ல வேலைதான். என் ஜீவனமே அதில்தான் போயிற்று. அதற்காக மற்றவரைப் பார்த்து நேர்மை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஸ்வெஸ்டாவின் 1/144 ‘வர்ஷாவ்யங்கா’ கிட் பரிசாக வந்தது. நம் சிந்து வரிசைக் கப்பல் என்று அப்படியே ஒட்டி எண் போட்டுவிடலாமா?
— கல்லூரி மாணவர், தாம்பரம்

அவசரப்படாதீர்கள் தம்பி. உங்களிடம் இருப்பது ரஷ்யர்கள் 636 திட்டம் என்று எண் வைத்த வடிவம். 1986இல் சிந்துகோஷ் தொடங்கி நாம் வாங்கியவை அதற்கு முந்தைய 877 ஈ.கே.எம். திட்டம். இரண்டையும் உலகம் கிலோ என்றே கூப்பிடும், தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. 877இன் நீளம் 72.6 மீட்டர், 636 அதைவிட 1.2 மீட்டர் அதிகம். இன்ஜின் சத்தத்தைக் குறைக்க எந்திரங்களுக்கு இடம் விட்டு நீட்டினார்கள். உங்கள் அளவில் அது 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கோபுரத்துக்குப் பின்னால், இன்ஜின் அறை வரும் பகுதியில், உடல் ஒரே தடிமனாக ஓடும் இடம் பார்த்து அந்த அளவு வளையத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டிக் காய்ந்த பிறகு வெட்டினால் வளையம் கோணாது. உடலில் சுற்றிலும் ஒட்டுநாடா ஒன்றைப் போட்டு அதன் விளிம்பைப் பிடித்து ரம்பத்தை விடுங்கள்.

அடுத்து புரொப்பெல்லர். 636க்கு ஏழு இதழ், 877க்கு ஆறு. 8 மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டும். இதழை எண்ண விரல் போதும், அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

இனி வருஷம். சிந்துரக்ஷக் என்றால் 2013 ஆகஸ்ட் 14க்கு முன்பு, அன்றுதான் மும்பையில் வெடித்து மூழ்கியது. சிந்துவீர் 2020இல் மியான்மருக்குப் போய் மின்யே தெய்ன்காத்து என்று பெயர் மாறிவிட்டது. ஒரே கிட்டில் இரண்டு நாட்டுக் கொடியும் சாத்தியம் என்பதால் உங்களுக்குப் பிடித்ததை முடிவு செய்துகொள்ளுங்கள். 8 மில்லிமீட்டர் வெட்ட மனம் வரவில்லையா? ரஷ்யக் கப்பலாகவே கட்டிவிடுங்கள், குற்றமில்லை. 636ஐ வைத்து அதில் நம் எண்ணை ஒட்டுவதுதான் கூடாது.

குர்சுராவைப் பார்க்க விசாகப்பட்டினம் போகிறோம். மாடலுக்காக என்னென்ன படம் எடுத்து வரவேண்டும்?
— அரசு ஊழியர், கொளத்தூர்

கொடுத்து வைத்தவர். குர்சுரா கரையேற்றி அருங்காட்சியகமாக நிறுத்திய நம் கடற்படை நீர்மூழ்கி. சென்னைக்கும் அப்படி ஒன்று வந்திருக்க வேண்டியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வாக்லியை 2010 டிசம்பரில் ஓய்வு கொடுத்த பிறகு மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக நிறுத்துவதாகத் திட்டம். சென்னைத் துறைமுகம் வரை வந்தும் சேர்ந்தது. அதற்கு மேல் காரியம் ஆகவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

குர்சுரா ரஷ்யாவின் 641 திட்டம், மேற்கத்தியர் வைத்த பெயர் ஃபாக்ஸ்ட்ராட். 1969 டிசம்பரில் சேவைக்கு வந்து 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. நீளம் 91.3 மீட்டர், 1/350இல் 26 சென்டிமீட்டர். நம் முதல் நீர்மூழ்கி, 1967இல் வந்த பழைய கல்வரியும் இதே வகைதான்.

கோபுரத்தை நேர்ப்பக்கத்திலிருந்து எடுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று, ஜூம் வைத்து. கிட்டத்தில் நின்று எடுத்தால் மேல்பகுதி குறுகித் தெரியும், அளவெடுக்க உதவாது. குடும்பத்தில் ஒருவரை அருகில் நிற்கச் சொல்லுங்கள், அவர் உயரம் உங்களுக்கு அளவுகோல். முன்னே ஆறு, பின்னே நான்கு என்று மொத்தம் பத்து டார்ப்பிடோ குழாய்கள், அவற்றின் மூடிகள் உடலோடு சேரும் கோடுகளைப் பாருங்கள். பின்னால் மூன்று புரொப்பெல்லர். நடு அச்சுக்கும் பக்க அச்சுகளுக்கும் உள்ள தூரம், அவற்றைத் தாங்கும் கால்கள் எந்தக் கோணத்தில் உடலில் இறங்குகின்றன என்பது எல்லாம் கிட் வரைபடத்தில் சரியாக விளங்காது. இந்தப் பகுதிக்கு மட்டும் எத்தனை படம் எடுத்தாலும் தகும். கப்பல் கரையில் நிற்பதால் அடிவயிற்றைப் பார்க்கும் பாக்கியம் வேறெங்கே கிடைக்கும்?

இரண்டு எச்சரிக்கை. பார்வையாளர் ஏறி இறங்கப் பக்கத்தில் வெட்டிய வாசல்கள் கடலில் இருந்த கப்பலுக்குக் கிடையாது, அவற்றை மாடலில் கொண்டு வராதீர்கள். நிறத்தையும் நம்ப வேண்டாம். கடற்கரை உப்புக்காற்றுக்காக மறுபடி மறுபடி பூசும் வர்ணம் அது. நிறத்துக்கு அது ஓடிக்கொண்டிருந்த காலத்துப் படங்களையே தேடுங்கள்.

ஷிஷுமாரைப் பெரிதாகச் செய்ய ஆசை. கிட் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வழி உண்டா?
— ஆட்டோ ஓட்டுநர், வில்லிவாக்கம்

நம்ம ஏரியா! கிட்டை மறந்துவிட்டு பிளம்பிங் கடைக்குப் போங்கள். நம் கடற்படையின் ஷிஷுமார் ஜெர்மனியின் 209/1500 வகை நீர்மூழ்கி, 1986இல் சேவைக்கு வந்தது. உடலின் அகலம் 6.5 மீட்டர். 1/72 அளவில் செய்யுங்கள், அகலத்தை 72ஆல் வகுத்தால் 90 மில்லிமீட்டர். கடையில் 90 எம்.எம். பி.வி.சி. பைப் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், அது வெளிவிட்ட அளவுதான். மொத்த நீளம் 64.4 மீட்டர், உங்கள் மாடலில் 89 சென்டிமீட்டர். இதில் முன்முனையும் பின்முனையும் போக, நடுவில் நேராக ஓடும் பகுதிக்கு மட்டும் பைப்.

இரண்டு முனைகளையும் மரத்தில் கடைந்துகொள்ளுங்கள். கட்டில் கால் கடையும் கடைசல் பட்டறையில் அட்டையில் வெட்டிய வார்ப்புரு ஒன்றைக் கொடுத்தால் அழகாகச் செய்து தருவார்கள். பைப்புக்குள் நுழையும்படி ஓர் அங்குல நீளத்துக்குச் சற்றுச் சிறிய விட்டத்தில் கழுத்து விடச் சொல்லுங்கள், ஒட்டும்போது கோணாது. பி.வி.சி. மேல் எதுவும் லேசில் ஒட்டாது. 120 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டுப் பட்டி பூசுங்கள். பட்டறைகளில் கார் டிங்கரிங்குக்குப் பயன்படும் பட்டியே போதும், மேடு கட்ட எம்-சீல்.

அளவுகோல் ஒன்றை நீங்களே செய்துகொள்ளுங்கள்: ஓர் அட்டைத்துண்டில் 13.9 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு, அதுதான் உங்கள் ஒரு மீட்டர். பேட்டர்ன் பட்டறையிலும் இப்படித்தான், உலோகம் ஆறும்போது சுருங்கும் அளவைச் சேர்த்தே கோடு போட்ட தனி அளவுகோல் வைத்திருப்போம். ஒவ்வொரு முறையும் வகுத்துக்கொண்டிருந்தால் எங்காவது தப்பு வரும்.

நீர்மூழ்கி என்றால் கருப்புதானே? ஒரு டப்பா கருப்பு ஸ்பிரே போதாதா?
— வாசகர், திருவொற்றியூர்

போதாது. சுத்தக் கருப்பு அடித்தால் கோடு, மூடி, துளை எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரே இருட்டாகிவிடும். கருப்பில் கொஞ்சம் வெள்ளையும் துளி பழுப்பும் கலந்து அடர் சாம்பலாக்கி அடியுங்கள், பளபளப்பு கூடாது. மேல்தளம் பக்கத்தைவிடச் சற்று வெளுப்பு. சுத்தக் கருப்பைத் துளைகளுக்குள் மட்டும் விடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே என்ன நிறம் என்பதை உலர்துறையில் எடுத்த படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

என் வீட்டுக்காரர் ஹாலில் உட்கார்ந்து பசையும் பெயின்ட்டுமாகப் பண்ணுகிறார். நாற்றம் தாங்கவில்லை. மழைக்காலத்தில் ஜன்னலையும் திறக்க முடியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.
— இல்லத்தரசி, கே.கே. நகர்

உங்கள் பக்கம்தான் நியாயம் அம்மா. பிளாஸ்டிக் பசையும் தின்னரும் மூடிய அறையில் ஆகாது, அடுப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்பிரே டப்பா ஆகவே ஆகாது. பால்கனிக்கு அனுப்புங்கள். அவரிடம் இதையும் சொல்லுங்கள்: ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் லாக்கர் பெயின்ட் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், அடித்ததெல்லாம் வீண். அந்த மாதங்களில் அறுப்பது, ஒட்டுவது, வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் தூசியும் பறக்காது. பெயின்ட் வேலை தை பிறந்த பிறகு. கத்திரி வெயிலில் காயட்டும் என்று மொட்டை மாடியில் வைத்துவிட வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

மாடலை நீச்சல் குளத்தில் ரிமோட்டில் ஓட்டி, முங்கி எழ வைக்க முடியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் கைவசம் இருக்கிறது.
— பொறியாளர், வேளச்சேரி

முடியும், அந்த ரிமோட்டால் மட்டும் முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். மேலே மிதக்கும்வரை சொன்னபடி கேட்கும் கப்பல், கொஞ்சம் இறங்கியதும் காது கேளாததாகிவிடும். நீர்மூழ்கி ஓட்டுகிறவர்கள் இன்னமும் 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் பழைய செட்களைத் தேடி அலைவது இதனால்தான். குளத்து நன்னீரில் அவை சில அடி ஆழம் வரை எட்டும். கடல் நீரில் அதுவும் எட்டாது, மெரினா ஆசை வேண்டாம். எந்த அலைவரிசையை நம் ஊரில் பயன்படுத்தலாம் என்பதை வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முங்குவதற்கான கணக்கு எளிது. அளவு 72 மடங்கு குறைந்தால் எடை 72ஐ மூன்று முறை பெருக்கிய அளவு குறையும். ஷிஷுமார் மிதக்கும்போது 1,660 டன், முங்கும்போது 1,850 டன். மேலே சொன்ன பி.வி.சி. மாடலுக்கு அது நாலரைக் கிலோ, ஐந்து கிலோ என்று வரும். இடையிலுள்ள அரைக் கிலோதான் நீங்கள் உள்ளே இழுத்து வெளியேற்ற வேண்டிய தண்ணீர். மோட்டார் தள்ளும் பெரிய ஊசிக்குழல் போன்ற பிஸ்டன் தொட்டி அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். அதை நீளவாக்கில் நடுவில் வையுங்கள், முன்னே தள்ளி வைத்தால் ஒவ்வொரு முறையும் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்கும். பேட்டரி எப்போதும் அடியில்.

சிக்னல் அறுந்தால் தானாகத் தண்ணீரை வெளியேற்றும்படி ரிசீவரை அமைத்துவிடுங்கள். அப்படியும் முதல் சில தடவை பின்முனையில் மீன்பிடி நரம்பு ஒன்றைக் கட்டியே இறக்குங்கள். குளத்துக்காரரிடம் முன்னதாகவே சொல்லி, ஆள் இல்லாத மதிய நேரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.